அர்ச்சனை அப்புறம், முதல்ல 997

கொஞ்சம் நீளமான பதிவு. உபயப் பட்டியலும் இல்ல, திருவிழாக் கணக்கும் இல்ல. பொறுமையா படிங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா வாசிச்சுக் காட்டுங்க.

நம்ம கோயில் அடுப்படியில பல வருஷமா காய் நறுக்குற அக்கா ஒருத்தங்க. பேர் வேணாம். அவங்க சம்மதம் கொடுத்த பிறகுதான் இதை எழுதுறேன். ஒரு வெள்ளிக்கிழமை சாம்பாருக்கு ரெண்டு தடவ உப்பு போட்டுட்டாங்க. எல்லாரும் கிண்டல் பண்ணோம், நானும்தான். அன்னைக்கு அவங்க கணக்குல இருந்து 23,600 ரிங்கிட் போய் நாலு நாள் ஆகியிருந்தது. பெத்த பிள்ளைங்களுக்குக்கூடத் தெரியாது. பாத்திரம் கழுவுற இடத்துல என்னைத் தனியா கூப்பிட்டு, "தம்பி, அம்மனுக்கு என்ன பரிகாரம் செஞ்சா போன பணம் திரும்பி வரும்?"னு கேட்டாங்க. அப்பதான் விஷயமே தெரிஞ்சது.

நடந்தது இதுதான். கொரியர் கம்பெனின்னு சொல்லி ஒரு போன். "உங்க ஐசி நம்பர்ல ஒரு பார்சல் பிடிபட்டிருக்கு, உள்ளே மத்தவங்க ஏடிஎம் கார்டுங்க இருக்கு"ன்னு ஒருத்தன் சொல்றான். உடனே லைனை 'இன்ஸ்பெக்டர்'கிட்ட மாத்துறான். அவன் அக்காவோட ஐசி நம்பர், வீட்டு விலாசம் எல்லாத்தையும் சரியா வாசிக்கிறான். யாரா இருந்தாலும் கை நடுங்கும். மூணு மணி நேரம் போனை வைக்கவே விடல. "ரகசிய விசாரணை. பிள்ளைங்ககிட்ட சொன்னா அவங்களையும் கேஸ்ல சேர்ப்போம். பணத்தை பேங்க் நெகாராவோட பாதுகாப்புக் கணக்குக்கு மாத்திடுங்க." அஞ்சு தடவையா மூணு கணக்குக்குப் போயிருக்கு. வீட்டுக்காரர் இறந்தப்ப வந்த சேமநிதிப் பணம் அது.

(பேங்க் நெகாரா பொதுமக்கள் பணத்தைக் கணக்குல வாங்கி வைக்கிறதே இல்ல. போலீஸும் பணத்தை மாத்தச் சொல்லாது. இந்த வார்த்தையைக் கேட்டா உடனே போனை வச்சிடுங்க.)

என் மனசை உறுத்துறது வேற ஒண்ணு. அந்தத் திருடன் "யாருக்கும் சொல்லாதே"ன்னு மூணு மணி நேரம்தான் சொன்னான். மிச்ச நாலு நாளும் அக்கா வாயை அடைச்சது நாமதான். போன வருஷம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருத்தர் இதே மாதிரி ஏமாந்தப்ப, செருப்பு வைக்கிற இடத்துல நின்னு என்னென்ன பேசினோம்! "படிச்ச மனுஷன் இப்படியா?", "பேராசை", "போன ஜென்மத்துக் கடன்." அதையெல்லாம் அக்கா வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டிருக்காங்க. "என்னையும் அப்படித்தானே தம்பி பேசுவீங்க"ன்னாங்க. எனக்குப் பதில் சொல்ல வாய் வரல, அன்னைக்குச் செருப்புப் பக்கத்துல நின்னவங்கள்ல நானும் ஒருத்தன்.

அவமானம் அவமானம்னு நாம உட்கார்ந்திருக்கிற நேரத்துலதான் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுது. ஒரு இடத்துல தங்காது, சில நிமிஷத்துல பிரிச்சு எடுத்துடுவாங்க. அதைத் துரத்திப் பிடிக்கத்தான் 2022-ல 997-ஐ ஆரம்பிச்சாங்க. போலீஸ், பேங்க் நெகாரா, எம்சிஎம்சி, வங்கிகள் எல்லாம் சேர்ந்து நடத்துற மையம். இப்ப 24 மணி நேரமும் எடுக்குறாங்க. உங்க பேங்கோட மோசடிப் புகார் நம்பருக்கு அடிச்சாலும் சரி, 997-க்கு அடிச்சாலும் சரி, முதல்ல அடிங்க. அம்மன்கிட்ட அழுறதுல தப்பே இல்ல, அடிச்சுட்டு வந்து அழுங்க.

நாங்க நாலு நாள் கழிச்சு அடிச்சோம். மறுநாள் போலீஸ் நிலையத்துக்கும் கூடவே போனேன். எந்த நிலையத்துல வேணும்னாலும் ரிப்போர்ட் கொடுக்கலாம். ஆனா கூச்சத்துல அக்கா வாட்ஸ்அப் மெசேஜ், கால் விவரம் எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க. தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க. பேங்க் ஸ்டேட்மெண்ட், ஸ்கிரீன்ஷாட், அவன் நம்பர் எல்லாம் வேணும். மூணு கணக்குல ஒண்ணுல மட்டும் 1,150 ரிங்கிட் மிச்சம் இருந்ததாம். முடக்கி வச்சிருக்காங்க, இன்னும் கைக்கு வரல.

பேங்க், "நீங்களே மாத்தினது, எங்க தப்பு இல்ல"ன்னு கடிதம் கொடுத்துட்டாங்க. அதோட கதை முடிஞ்சதுன்னு நினைக்க வேண்டாம். பேங்கோட இறுதிப் பதில் வந்த 6 மாசத்துக்குள்ள எஃப்எம்ஓஎஸ்-ங்கிற நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், கட்டணம் கிடையாது. நாங்க போட்டிருக்கோம். பெருசா நம்பிக்கை இருக்குன்னு சொல்ல மாட்டேன், ஆனா போடாம இருக்குறது முட்டாள்தனம்.

அடுத்து, இருக்கிற பணத்தைக் காப்பாத்தணும். அக்கா யூசர்நேம், பாஸ்வர்டையும் சொல்லியிருந்தாங்க. அதனால செயலியில இருக்கிற 'கில் சுவிட்ச்'சை அழுத்தி கணக்கை முடக்கினோம். கிளைக்கு நேரா போய் புது பாஸ்வர்ட், புது கார்டு. அதே பாஸ்வர்டைத்தான் இமெயிலுக்கும் சேமநிதிக் கணக்குக்கும் வச்சிருந்தாங்க, எல்லாத்தையும் மாத்தினோம். ஐசி விவரம் அவன் கையில இருக்கே, யாராவது அவங்க பேர்ல கடன் வாங்கியிருந்தா? பேங்க் நெகாராவோட இ-சிசிரிஸ்ல இலவசமா பார்க்கலாம், பார்த்தோம், ஒண்ணும் இல்ல. ஒரு நாளைக்கு மாத்தக்கூடிய தொகையை 500 ரிங்கிட்டுக்குக் குறைச்சோம். மிச்சப் பணத்தை ஆன்லைன்ல தொட முடியாத மாதிரி புத்தகம் போட்டு நிரந்தர வைப்புல வச்சாச்சு. சந்தைக்கும் கியூஆருக்கும் தனியா ஒரு சின்னக் கணக்கு. அதுல 300, 400 ரிங்கிட்டுக்கு மேல வைக்கிறதில்ல. என்னைக் கேட்டா, ஏமாறாதவங்களும் இன்னைக்கே இதைச் செய்யலாம்.

ரெண்டு வாரம் கழிச்சு அக்காவுக்கு இன்னொரு போன். "வக்கீல் ஆபீஸ். உங்க பணம் கிடைச்சிடுச்சு, எடுத்துக் கொடுக்க 800 ரிங்கிட் கட்டணும்." ஏமாந்தவங்க பட்டியலையும் விக்கிறானுங்க போல. இந்தத் தடவ அக்கா அடுப்படியில ஸ்பீக்கர்ல போட்டாங்க. பத்துப் பேர் சுத்தி நின்னு கேட்டோம். "800 இல்ல சார், சாம்பார் இருக்கு, வந்து சாப்பிட்டுப் போங்க"ன்னாங்க. வச்சிட்டான். அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு வேற.

இன்னொண்ணும் சொல்லணும், சிலருக்குக் கோபம் வரலாம். பணம் போன மூணு கணக்குல ஒண்ணு தமிழ்ப் பேர். ரசீதுல அதைப் பார்த்துட்டு அக்கா, "நம்ம பிள்ளை போல இருக்கே தம்பி"ன்னாங்க. திட்டல. 300, 400 ரிங்கிட்டுக்கு ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் வாடகைக்கு விடுற பையன்கள் நம்ம தாமான்லயும் இருக்காங்க. காவடி தூக்கும்போது முன்னாடி நிக்கிற பையன்களும் அதுல இருக்கலாம். "நான் யாரையும் ஏமாத்தலயே, கார்டுதானே கொடுத்தேன்"ங்கிறது இனி செல்லாது. 2024-ல குற்றவியல் சட்டத்துல இதுக்குன்னே தனிப் பிரிவுகள் வந்தாச்சு, சிறையும் உண்டு. தெரியாத கணக்குக்குப் பணம் போடுறதுக்கு முன்னாடி போலீஸோட 'செமாக் மியூல்' தளத்துல அந்த நம்பரைத் தட்டிப் பாருங்க. உங்க பையன் கணக்கு நம்பரையும் ஒரு தடவ தட்டிப் பாருங்களேன்.

நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். உபயதாரர் பேர் வாசிக்க இருபது நிமிஷம் மைக் கிடைக்குது. அதுல ஒரு நிமிஷம் 997-க்குக் கொடுங்க. உண்டியல் பக்கத்துல இருக்கிற கியூஆர் மேல வேற ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான்னு தினமும் பார்க்க ஒரு ஆள் போடுங்க. பக்தர்களும் பணம் அனுப்புறதுக்கு முன்னாடி திரையில கோயில் பேர்தான் வருதான்னு பார்த்துட்டு அனுப்புங்க.

வர்ற வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் அன்னதான மண்டபத்துல வாழை இலைக் கட்டுப் பக்கத்துல இருப்பேன். அக்காவும் இருப்பாங்க. போனைக் கொண்டு வாங்க, மாத்துற தொகையைக் குறைக்கிறது எப்படின்னு காட்டித் தர்றேன். பாஸ்வர்டை நீங்களே திரும்பி நின்னு அடிங்க. என்கிட்ட சொன்னா திட்டுவேன்.