துளசியும் கதிர்வீச்சும்: பாதி மட்டும் சொல்லப்படும் செய்தி

துளசி கதிர்வீச்சிலிருந்து உடலைக் காக்கும் என்ற செய்தி நம் பத்திரிகைகளின் மருத்துவப் பக்கங்களில் அவ்வப்போது தலைகாட்டும். சில மாதங்களில் துளசி இருந்த இடத்தில் மஞ்சளோ நெல்லிக்காயோ வரும். தொனி மட்டும் மாறாது. இதைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் பி. உமாதேவியும் அவர் குழுவினரும் 1990களில் துளசி இலையிலிருந்து கிடைக்கும் ஓரியன்டின், விசெனின் என்னும் இரு ஃப்ளேவனாய்டுகளைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, பிறகு காமாக் கதிர்களுக்கு உட்படுத்தினார்கள். அவை பெற்ற எலிகள் கூடுதலாகப் பிழைத்தன. நம் செய்திகளில் காணாமல் போவது அந்தப் 'பிறகு' என்ற சொல்தான்.

கதிர் உடலில் பாயும்போது பெரும்பாலும் நீரையே தாக்குகிறது. நீர் மூலக்கூறு சிதைந்து ஹைட்ராக்ஸில் தனியுறுப்பு பிறக்கிறது. எக்ஸ் கதிரால் டிஎன்ஏவுக்கு நேரும் சேதத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இதன் கைவரிசை. இதன் ஆயுளோ ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவே. அதற்குள் மடக்கிப் பிடிக்க வேண்டுமானால் ஆன்டிஆக்ஸிடன்ட் அந்த உயிரணுவுக்குள்ளேயே, போதிய செறிவில், முன்கூட்டியே காத்திருக்க வேண்டும். 1949இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் ஹார்வி பாட் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தைக் கொண்டு இதைத்தான் கண்டார். கதிர்வீச்சுக்கு முன் கொடுத்தால் எலிகள் பிழைத்தன. பின்னர் கொடுத்தால் பயனில்லை. வெள்ளம் வருமுன் அணை என்று நம்மவர் சொன்னது இங்கே அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது.

பின்னர் உண்டும் பிழைத்ததாகப் பெயர்பெற்ற நிகழ்வு ஒன்று உண்டு. 1945இல் நாகசாகியில் குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 1.4 கிலோமீட்டரில் இருந்த மருத்துவமனையின் மருத்துவர் அகிஸுகி, தம் ஊழியர்களுக்கு உப்பிட்ட பழுப்பரிசிச் சோறும் மிசோ சூப்பும் கொடுத்தார். தாங்கள் தப்பியதற்கு அதுவே காரணம் என நம்பினார். அந்த மனிதரின் தொண்டின் முன் தலைவணங்கலாம். ஆனால் அவர்கள் செங்கல் கட்டடத்துக்குள் இருந்தார்கள். சூப் இல்லாத இன்னொரு குழுவை வைத்து யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவுமில்லை.

எலியும் அணுகுண்டும் நம் வாசகருக்குத் தொலைவானவை. அவர் கதிர்வீச்சைச் சந்திக்கும் இடம் புற்றுநோய்ச் சிகிச்சை அறை. அங்கே கணக்கே தலைகீழ். ஹைட்ராக்ஸில் தனியுறுப்பு அங்கே மருத்துவரின் ஆயுதம். கட்டியைக் கொல்ல அவர் அதைத்தான் நம்பியிருக்கிறார். தொண்டைத் தசையைக் காக்கும் மாத்திரை, பக்கத்திலிருக்கும் கட்டியை மட்டும் காக்காமல் விட்டுவிடும் என்று எதை வைத்து நம்புவது?

கனடாவின் கியூபெக்கில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 540 பேரிடம் இது சோதிக்கப்பட்டது. ஒரு பாதியினருக்குக் கதிர்ச்சிகிச்சையின்போதும் அதன்பின் 3 ஆண்டுகளும் வைட்டமின் இ கொடுத்தார்கள். தொடக்கத்தில் பீட்டா கரோட்டினும் சேர்ந்திருந்தது. அதன் தீங்கு வேறு ஆய்வுகளில் தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். 2005இல் வந்த முடிவில், மாத்திரை உண்டவர்களுக்குக் கடும் பக்கவிளைவுகள் குறைந்திருந்தன. கட்டி மீண்டும் தலைதூக்குவதோ அவர்களிடம் அதிகமாகத் தென்பட்டது. பிந்தைய கணக்கில் இறப்பும் கூடியிருந்தது. சிகிச்சைக் காலத்தில் புகைத்தவர்களிடமே இத்தீங்கு தெளிவாகத் தெரிந்தது என்று 2008இல் அதே குழுவினர் எழுதினார்கள். வாய்ப்புண் ஆறியதை மட்டும் பார்த்திருந்தால் இதை வெற்றி என்றே அறிவித்திருப்போம்.

மஞ்சளின் கதை இவ்வளவு கொடூரமானதல்ல. மார்பகப் புற்றுநோயாளிகள் 30 பேருக்கு நாள்தோறும் 6 கிராம் குர்குமின் கொடுத்ததில் தோல்புண் குறைந்தது என்று 2013இல் அமெரிக்க ஆய்வொன்று சொன்னது. 2018இல் 686 பேரிடம் சோதித்தபோது அந்தப் பலன் உறுதிப்படவில்லை. முதல் செய்தி இன்றும் எடுத்தாளப்படுகிறது. இரண்டாவதை நம் பத்திரிகைகளில் நான் கண்டதில்லை.

ரசத்தில் போடும் மஞ்சளையோ ஒரு நெல்லிக்காயையோ நான் குறை கூறவில்லை. 6 கிராம் குர்குமின் எந்தச் சமையலிலும் சேராது. என் கவலை மருந்துக்கடையில் சீட்டின்றிக் கிடைக்கும் செறிவூட்டிய மாத்திரைகளைப் பற்றியது. உறவினர் அன்போடு வாங்கி வருகிறார். 'இயற்கைதானே' என்று நோயாளி மருத்துவரிடம் சொல்வதில்லை. வரிசையில் இன்னும் நாற்பது பேர் நிற்க, மருத்துவரும் கேட்பதில்லை. அடுத்த முறை இப்பொருளில் கட்டுரை எழுதுபவர், கதிர்ச்சிகிச்சையில் இருப்பவர்கள் இவற்றை உண்ணுமுன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்ற ஒரு வரியையாவது சேர்க்கட்டும்.