மடி, இருக்கை ஆகாது

முகூர்த்த நாளில் கோவையிலிருந்து பொள்ளாச்சிக்கோ பழனிக்கோ போகும் வாடகைக் காரை எட்டிப் பாருங்கள். குழந்தை அநேகமாக அம்மிச்சி மடியில்தான் இருக்கும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலாவது மோதினால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 100 கிலோவுக்கு மேல் தாங்கும் பிடி வேண்டும். எந்தக் கைக்கு அந்த வலு உண்டு? 14 வயதுக்குட்பட்டவர்களை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம். ஹெல்மெட்டுக்கு வண்டியை மறிக்கும் போலீசாருக்கு இதில் அந்த அக்கறை இல்லை என்பது வேறு கதை.

எப்போதாவது கார் ஏறுகிறவர்கள், குழந்தை இருக்கையை எடை குறைந்ததாக, காரின் மூன்று முனை பெல்ட்டிலேயே கட்டக்கூடியதாகப் பார்த்து வாங்கலாம். கார் சீட்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கியை மட்டுமே நம்பும் இருக்கை, பழைய டாக்சியில் வெறும் சுமை. ஆர்44, ஆர்129 தர முத்திரை எதுவுமில்லாத மலிவுத் துணிப்பட்டைகள் வேண்டவே வேண்டாம். பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் மடக்கு பூஸ்டர் 15 கிலோவும் 4 வயதும் தாண்டிய பிள்ளைக்குத்தான். கைக்குழந்தைக்குப் பின்னோக்கிய இருக்கை, அதுவும் பின்சீட்டில். டாக்சிக்குச் சொல்லும்போதே, “ஏனுங்க, பின்சீட்டுல பெல்ட் இருக்குதுங்களா?” என்று கேட்டுவிடுங்கள்.