செம்மணியில் கிடைத்தவை ஈமப்பொருட்கள் அல்ல



பொன் நகர எல்விஆர் அருங்காட்சியகத்திடம் ஒரு கல் இருக்கு. 1620இல் க்ஸான்டன் அருகே கிடைத்தது. கி.பி. 9இல் வாருஸின் படை ஜெர்மானியரிடம் அழிந்தபோது செத்துப்போன உரோமப் படை அதிகாரி மார்க்குஸ் கேலியுஸுக்காக, சகோதரன் பூப்லியுஸ் வைத்த கல். எலும்புகளை இங்கே வைக்கலாம் என்று அதில் பொறித்திருக்கிறான். யாருடைய எலும்புகள்? கேலியுஸினதா, அவனுக்கு இரு பக்கமும் செதுக்கப்பட்டிருக்கிற பிரிவாதுஸ், தியாமினுஸ் என்ற முன்னாள் அடிமைகளினதா? அறிஞர்களுக்குள் இன்னும் இழுபறி. ஆக்கிரமிப்புப் படைக்காரன்தான், அவனுக்காக அழச் சொல்லேல்லை. அந்தப் படை கொன்ற சனத்துக்குக் கல்லே இல்லை.

ரைன் கரையின் உரோமக் கல்லறைகளில் விளக்கு, குடுவை, மறுகரைப் படகோட்டிக்குக் கூலியாக ஒரு நாணயம் எல்லாம் கிடைக்கும். கொலோன் செல்வந்தர்களுக்கு அருமையான கண்ணாடிக் கிண்ணங்கள், ஏழைக்கு ஒரு மண்பாண்டம். வர்க்கம் குழிக்குள்ளும் போயிருக்கு. ஆனால் தொல்லியலாளர்கள் ஒரு வேறுபாட்டைக் கறாராகப் பார்ப்பார்கள்: இறந்தவரின் உடலில் இருந்தது எது, இருப்பவர்கள் வேண்டுமென்றே பக்கத்தில் வைத்தது எது? பின்னதுதான் ஈமப்பொருள். பொருள் கிடந்த இடமும் கிடந்த விதமும்தான் அதைச் சொல்லும்.

இந்தக் கறார் இப்ப எங்களுக்கு வேணும். 2025இல் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில், தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ தலைமையில் நடந்த அகழ்வில் ஒரு குழந்தையின் எலும்புக்கூட்டோடு நீலப் புத்தகப்பை வந்தது. விளையாட்டுப் பொம்மை, வளையல்கள், பால்போத்தலும் வந்தன. ஆகஸ்ட் 5 அன்று, அடையாளம் காட்டச் சொல்லி அவற்றைச் சனத்துக்கு முன்னால் வைத்தார்கள். பிள்ளையைத் தேடுகிற தாய் வரிசையில் நின்று உடுப்புகளைப் பார்க்க வேண்டிக் கிடக்கு.

சுடலையில எலும்பு வாறது புதுமையோ எண்டு கேட்கிறவைக்கு மறுமொழி அந்த மண்ணில்தான் இருக்கு: எவ்வளவு ஆழம், உடல் எப்படிக் கிடந்தது, பை எங்கே இருந்தது. அதனால்தான் அந்தப் பையின் படத்தைப் பதாகையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. அது எங்கட சின்னமல்ல, ஒரு கொலை வழக்கின் சான்று. சான்றுக்குத் தேவை பாதுகாப்பான காவல், மரபணுப் பரிசோதனை, அரசின் கைக்கு எட்டாத சர்வதேசத் தடயவியல் மேற்பார்வை. 1998இல் சோமரத்ன ராஜபக்ச என்ற படைச் சிப்பாய், செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் புதைக்கப்பட்டன என்று நீதிமன்றத்தில் சொன்னார். அடுத்த வருடம் தோண்டி எடுத்தது 15. பிறகு 26 வருடம் மண் மூடியே கிடந்தது.

இங்கே வாக்குரிமை உள்ள தோழர்கள் தங்கள் தொகுதி உறுப்பினருக்கு இந்த மூன்றையும் கேட்டு எழுதுங்கோ.