மருத்துவ மாணவரின் பொழுது

பள்ளியில் முதலிடம் பெற்றுவந்த மாணவர் ஒருவர், மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த சில மாதங்களில் நிகழும் உள்மதிப்பீட்டுத் தேர்வில் தோல்வியுறுவது அரிய செய்தியன்று. அதற்குள் அவருடைய அறிவுக்கூர்மை மழுங்கிவிடவில்லை, உழைப்பும் குறையவில்லை. நேரத்தைத் திட்டமிடத் தெரியவில்லை என்பார் ஆசிரியர். கைப்பேசியைக் குறைகூறுவர் பெற்றோர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், அம்மாணவரின் ஒருநாள் எவ்வாறு கழிகிறது என்று எண்ணிப் பாராமல் வழங்கப்படும் தீர்ப்புகள் அவை.

இந்தியாவில் இளநிலை மருத்துவப் படிப்பு நாலரை ஆண்டுக் கல்வியும் ஓராண்டுப் பயிற்சி மருத்துவப் பணியும் கொண்டது. முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்றும் முதன்மைப் பாடங்கள். மனித உடலின் 206 எலும்புகளுக்கும் பெயர் சொல்வது தொடக்கமே. எந்தத் தசை எங்கே பற்றியிருக்கிறது, எந்த நரம்பு எந்தப் பள்ளத்தின் வழியே செல்கிறது என்பது வரை வினாக்கள் நீளும். விரிவுரை, உடலறுத்தாய்வுக் கூடம், ஆய்வகம் எனப் பகல் முழுதும் நிரம்பிவிடும். விரிவுரை வகுப்புகளில் 75 விழுக்காடும் செய்முறையில் 80 விழுக்காடும் வருகை இருந்தால்தான் தேர்வெழுத இயலும். மாலையில் விடுதிக்குத் திரும்புபவருக்குக் குளியல், உணவு, துணி துவைத்தல், வீட்டாருடன் சிறிது பேச்சு ஆகியவை போக எஞ்சுவது சில மணி நேரமே. அதை நீட்டிக்க அவர் முதலில் கைவைப்பது உறக்கத்தில்.

கணக்கு பிழைபடுவது இங்கேதான். பகலில் கற்றவை நினைவில் நிலைபெற உறக்கம் துணைசெய்கிறது. மருத்துவ மாணவர் இதனைத் தம் பாடநூலிலேயே படிக்கிறார். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறார். தமக்கு மட்டும் அது பொருந்தாதென எண்ணிக்கொள்கிறார்!

விழித்திருக்கும் நேரத்தையும் எப்படிப் பகிர்ந்துகொள்கிறார் என்பது முதன்மையானது. செருமானிய அறிஞர் எர்மன் எபிங்காசு, பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதியின் போக்கை அளந்து 1885ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். ஒரே நாளில் 68 முறை ஓதியதால் விளைந்த பயன், மூன்று நாள்களுக்குப் பிரித்து 38 முறை ஓதியதிலேயே அவருக்குக் கிட்டியது. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு மற்றொன்றைக் காட்டியது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினர். படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் அவர்களை விஞ்சினர். தேர்வுக்கு முந்தைய இரவில் அடிக்கோடிட்ட வரிகளையே மீண்டும் மீண்டும் நோக்குபவர் பெறுவது அந்த ஐந்து நிமிட வெற்றியைத்தான். நோயாளி வந்து நிற்பதோ ஆண்டுகள் பல கழித்து.

எல்லாருக்கும் 24 மணி நேரமே என்னும் வாதம் கேட்பதற்கு நேர்மையானது. உண்மையில் அனைவருடைய மணியும் ஒரே நீளமுடையதன்று. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 2020ஆம் ஆண்டு இயற்றியது. அவ்வழியே நுழைந்தோருள் தமிழ்வழியில் பயின்றோர் பலர். ஆங்கிலவழியில் படித்தவர் ஒரு பக்கத்தை ஒருமுறை படிக்கும் நேரத்தில், தமிழ்வழியில் வந்தவர் சொற்பொருள் தேடி, தமிழில் விளங்கிக்கொண்டு, விடையை ஆங்கிலத்தில் அமைத்தும் பார்க்க வேண்டியுள்ளது. அவரிடம் விடியற்காலை நான்கு மணிக்கு எழுமாறு அறிவுரை கூறுவது எளிது. அவர் ஏற்கெனவே எழுந்துதான் இருக்கிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிசுக் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மாணவர்களுக்குக் கற்பித்தார். மருத்துவ அறிவு தமிழில் விளங்காது என்பார்க்கு அதுவே விடை. இன்று முழுப் படிப்பும் தமிழில் அமைய வேண்டுமா என்பது தனியே வாதிடத்தக்கது. தமிழில் ஒருமுறை விளக்கிச் சொல்வதற்கு அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை.

மருத்துவர் ஆகப்போகிறவர் துன்பம் தாங்கப் பழக வேண்டும், இரவுப்பணி காத்திருக்கிறது என்பர் சிலர். இரவுப்பணிக்கான பயிற்சி, பணியாற்றும் காலத்தில் அமையும். எலும்பியலை உறக்கமின்றிப் படிப்பதால் அது கைவராது; எலும்பியலும் கைவராது.

மாணவர் தம் பங்கிற்கு, அன்றன்று கேட்ட விரிவுரையை இரவு உணவுக்குமுன் நூலை மூடிவைத்து எழுதிப் பார்க்கலாம். கைப்பேசியை அடுத்த அறையில் வைக்கலாம். கல்லூரியின் பங்கு இதனினும் பெரிது. 2019இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், தொடக்கத்தில் அடித்தளப் பயிற்சி ஒன்றை வைத்து, மொழித்திறனுக்கும் அதில் இடமளித்தது. மொழியின் இடர் அப்பயிற்சியோடு முடிவதில்லை. வாரந்தோறும் பத்து வினாக்கள் கொண்ட, மதிப்பெண் சேராத சிறுதேர்வு இருப்பின், பின்தங்குபவர் இரண்டாம் வாரத்திலேயே தெரிந்துவிடுவார். மேலாண்டு மாணவர் ஒருவர் ஐவரை அமரவைத்து, அன்றைய பாடத்தைத் தமிழில் விளக்கிப் பின்னர் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துச் சொல்ல அரைமணி நேரம் போதும். பல விடுதிகளில் மூத்த மாணவர்கள் யாரும் பணிக்காமலே இளையோருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், இரவு பதினொரு மணிக்குமேல். அதைக் கால அட்டவணையில் மாலை நான்கரை மணிக்குக் கொண்டுவந்தால், இரு தரப்பினரும் நேரத்தோடு உறங்கச் செல்வர்.