பொம்மைப் பொண்ணு விளையாட்டாம்!

நேற்று எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் பொங்கிவிட்டார். கல்லூரியில் படிக்கும் பேரன் லேப்டாப்பில் ஏதோ பழைய ஜப்பான் வீடியோ கேம் ஆடினானாம். பாட்டுக்காரப் பெண்ணோடு பேசிப் பழகும் விளையாட்டாம். லேப்டாப்பையே பிடுங்கி வைத்துவிட்டாராம். "இந்தக் கருமத்தாலதான் பசங்க கெட்டுப்போறானுங்க" என்று முடித்திருந்தார். கீழே வரிசையாகக் கைதட்டல்.

சார், அது என்ன விளையாட்டு என்று பேரனிடம் கேட்டீர்களா? நான் போன் போட்டுக் கேட்டேன்.

1987 டிசம்பரில் நிண்டெண்டோவும் ஸ்கொயரும் சேர்ந்து வெளியிட்டது. மிஹோ நகயாமா அப்போது அங்கே கொடிகட்டிப் பறந்த இளம் பாடகி. பள்ளிக்குப் புதிதாக வரும் பையன் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணைச் சந்திக்கிறான். அடையாளத்தை மறைத்துப் படிக்கும் அந்தப் பாடகிதான் அவள். அவளிடம் என்ன பேசுவது என்று தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, எந்த முகத்தோடு பேசுவது என்றும் தேர்ந்தெடுக்க வேண்டும். சிரித்தா, வருத்தமாகவா, கோபமாகவா? இடம் தெரியாமல் இளித்தால் ஆட்டம் காலி. நடுவில் திரையில் ஒரு தொலைபேசி எண் வரும். அந்தக் காலத்தில் அழைத்தால் அவளுடைய பதிவுக் குரல் கேட்டது. வியாபாரத் தந்திரம்தான், மறுக்கவில்லை.

தொண்ணூறுகளில் நம் ஆலங்காயத்துப் பசங்க டிவியில் மாட்டி ஆடிய கேசட் கேம் இதே நிண்டெண்டோ பெட்டியின் நகல்தான். அதில் சுடலாம், குதிக்கலாம். பேசும் ஆட்டம் நம் ஊருக்கு வரவே இல்லை. பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்று நம் பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது சினிமா. அவள் "போடா" என்றால் அடுத்த காட்சியில் பாட்டு. பத்து நாள் பஸ் ஸ்டாப்பில் நின்றால் பதினோராம் நாள் காதல். அந்தக் கதாநாயகனுக்குக் கட்அவுட் வைத்துப் பாலும் ஊற்றினோம்.

என்னிடம் எட்டாவது படித்தாள் ஒரு மலைக் கிராமத்துப் பிள்ளை. கணக்கில் கெட்டி. ஒரு பையன் தினமும் படப்பாட்டைப் பாடிக்கொண்டே பின்னால் போனான். விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் அவள் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அடுத்த தையில் கல்யாணம். பையன் பரீட்சை எழுதினான். நான் அவனிடம் சொன்னது "ஒழுங்கா படிடா" என்பது மட்டும்தான்.

ஜப்பான்காரன் யோக்கியன் என்று சொல்லவரவில்லை. ஏகேபி48 குழுப் பாடகியோடு கைகுலுக்க சிடியோடு டிக்கெட் வைத்து விற்றவர்கள். 2013இல் அந்தக் குழுவில் ஒருத்தி, காதலன் வீட்டில் தங்கியதற்காகத் தலையை மழித்துக்கொண்டு அழுது மன்னிப்புக் கேட்டாள். அந்த அசிங்கத்தைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் முகம் பார்த்துப் பேசாவிட்டால் தோற்பாய் என்று சொல்லும் விளையாட்டையா பிடுங்கி வைப்பது?

குழுவில் போட்டால் சண்டை வரும், அதனால் இங்கே எழுதுகிறேன். அந்தப் பையனுக்கு லேப்டாப் திரும்பக் கிடைத்ததா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.