எந்த மந்திரிக்கு எழுதுவது?

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி மலைநாட்டைச் சிதைத்துச் சென்றதன்பின், பாடசாலை மீளத் திறந்த நாட்களில் ஒன்று. குடியியற் பாடவேளை. மந்திரிசபையைப் பற்றிக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். அதிகம் பேசாத பிள்ளை.

“சேர், எங்க தோட்டத்து ரோடு ஒடைஞ்சு போச்சு. லயத்துக்குக் கரண்டு இல்ல. மேல மலையில வெடிப்பு விட்டிருக்கு. எந்த மந்திரிக்கு சேர் எழுதணும்?”

வகுப்பிலே சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அவனை அமர்த்தினேன். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இப்பாடத்தைக் கற்பிக்கும் நான், அந்த ஒரு வினாவுக்கு அக்கணமே விடையிறுக்க இயலாது நின்றேன் என்பதை வாசக அன்பர்களிடம் மறைப்பானேன்?

நம் நாட்டில் மந்திரி ஒருவருடைய பொறுப்பு இன்னதென அறிய விரும்புவோர் அவருடைய மேடைப் பேச்சைக் கேட்டுப் பயனில்லை, வர்த்தமானியைப் புரட்டவேண்டும். ஜனாதிபதி விடயங்களைப் பகிர்ந்தளித்து வெளியிடும் அறிவித்தலில் ஒவ்வொரு மந்திரிக்கும் மூன்று நிரல்கள் வகுக்கப்பட்டிருக்கும். முதல் நிரலில் அவருடைய கடமைகளும் பணிகளும். இரண்டாவதில் அவருக்குக் கீழ்ப்பட்ட திணைக்களங்களும் கூட்டுத்தாபனங்களும். மூன்றாவதில் அவர் நடைமுறைப்படுத்த வேண்டிய சட்டங்கள். நிரலில் இல்லாத விடயத்துக்கு அவருடைய செயலாளர் பணம் ஒதுக்க முடியாது. 2024 நவம்பரில் பதவியேற்ற மந்திரிசபையில் போக்குவரத்தும் நெடுஞ்சாலையும் ஒருவரிடம், மின்சக்தி மற்றொருவரிடம், காலநிலை மாற்றச் செயலகத்தைத் தன்னகத்தே கொண்ட சுற்றாடல் இன்னொருவரிடம், பெருந்தோட்டமோ நான்காமவரிடம். மாணவன் சொன்ன குறைகள் மூன்று, மந்திரிகள் நால்வர், மலை ஒன்றே ஒன்று!

எப்போதுமே இப்படி இருந்ததா என்று அன்றிரவு பழைய நூல்களை எடுத்துப் பார்த்தேன். இருக்கவில்லை.

1936ஆம் ஆண்டில் அரசாங்க சபையிலே போக்குவரத்து, மராமத்து மந்திரியாக வந்தவர் ஜோன் கொத்தலாவலை. 1947இல் பாராளுமன்றம் அமைந்தபின்னும் போக்குவரத்தும் மராமத்தும் அவர் கையிலேயே இருந்தன. 1953இல் பிரதம மந்திரியாகும் வரை, ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள், புகையிரதமும் பெருந்தெருவும் மின்சாரமும் ஒரே மேசைக்கு வந்தன. லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியதும் அவருடைய காலத்திலேதான். அம்மனிதருடைய அரசியலில் எனக்கு உடன்பாடில்லாதவை பல. ஆயினும், மின்நிலையத்துக்கு இயந்திரம் ஏற்றிச் செல்ல மலைமேல் பாதை வெட்டவேண்டுமாயின் இன்னொரு மந்திரிக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கவேண்டிய நிலை அவருக்கு இருக்கவில்லை.

லக்சபான என்றவுடன் நினைக்கப்பட வேண்டியவர் வேறொருவர், பொறியியலாளர் விமலசுரேந்திர. 1918இலேயே, மலைநாட்டு ஆறுகளின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பெறுதல் கூடும் எனக் கணக்கிட்டு, பொறியியலாளர் சங்கத்தின் முன் கட்டுரை படித்தவர் அவர். கேட்டவர்கள் உடனே கைகொடுக்கவில்லை. தொடங்கிய வேலையும் இடையிலே நின்றது. பின்னர் அவரே அரசியலிற் புகுந்து, 1931இல் அரசாங்க சபைக்கு இரத்தினபுரியின் உறுப்பினராகி, அங்கும் இதையே பேசினார். கட்டுரை படித்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்தே முதற்கட்டமாக 25 மெகாவாட் பிறந்தது. அதைக் கண்ணாற் கண்டு, மூன்றாண்டின்பின், 1953இல் அவர் காலமானார்.

அதன்பின் மலைநாட்டு நீரெல்லாம் வேலைக்கு அமர்த்தப்பட்டது. காசல்ரீ நீர்த்தேக்கமும் விமலசுரேந்திர மின்நிலையமும் 1965இல் வந்தன, பொல்பிட்டி 1969இல், புதிய லக்சபான 1974இல், கெனியன் 1983இல். மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீருள் அமிழ்ந்தது. கடைவீதி போயிற்று; கோயில் போயிற்று; பள்ளிவாசல் போயிற்று; விகாரையும் போயிற்று. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது இன்றும் அவற்றின் சிதைவுகள் தலைகாட்டுகின்றன. பார்க்கப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போவார்கள். நீர் வற்றுவது மின் உற்பத்தி செய்வோருக்குக் கவலை, நமக்கோ திருவிழா.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. லக்சபானவின் மின்சாரம் கம்பியேறிக் கொழும்புக்குச் சென்றுகொண்டிருந்த பல பத்தாண்டுகள், அக்கம்பி கடந்து சென்ற தோட்டங்களின் லயங்கள் பலவற்றில் எரிந்தது மண்ணெண்ணெய்தான். என் வயதினர் பலர் குப்பி விளக்கின் புகையிலே படித்துப் பரீட்சை எழுதியவர்கள். இதற்குக் காரணம் பொறியியல் அன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் அவர்தம் வாக்கைப் பறித்தது. லக்சபான திறக்கப்பட்ட 1950இல், அம்மலையிலே வாழ்ந்தவர்களுக்கு அம்மந்திரியை வினவும் உரிமை இருக்கவில்லை. வாக்கில்லாதவனுக்கு விளக்குக் கொடுக்க எந்த மந்திரி விரைவார்? அவ்வநீதியின் எச்சங்களை முற்றாய்த் துடைக்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இனி, ஒரே மேசை பல மேசைகளானது எவ்வாறு எனப் பார்ப்போம். 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் வண்டிகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. 1969இல் மின்சாரத்துக்கென இலங்கை மின்சார சபை அமைந்தது. தனிச் சபைகள் வேண்டியவைதாம், பணி பெருகிற்று. ஆனால் பிற்காலத்தில் மந்திரிப் பதவிகள் பெருகியதற்குக் காரணம் பணி பெருகியது மட்டுமென்று சொல்வார் உண்டாயின், அவரோடு வாதாட நான் விரும்பவில்லை. மந்திரிசபை முப்பது பேருக்கு மிகலாகாது என்று 2015இல் பத்தொன்பதாம் திருத்தம் வரையறுக்க நேர்ந்ததே, போதாதா?

காகிதத்திலே எத்தனை கோடு கிழித்தாலும், மலையில் அவை நிற்பதில்லை. நாவலப்பிட்டியிலிருந்து ஏறும் புகையிரதப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 44 அடிக்கு ஓரடி என்ற ஏற்றத்தில், வட்டவளையைத் தாண்டி, ஹட்டனைத் தொட்டு, சிங்கமலைச் சுரங்கம் புகுந்து, கொட்டகலை, தலவாக்கலை வழியாக 1885இலே நானுஓயாவை எட்டிய பாதை அது. நாட்டிலே மிகுந்த மழை பெறும் பகுதிகளுள் ஒன்று வட்டவளை. களனி கங்கைக்கு நீர் ஊட்டி, லக்சபான சுழலிகளைச் சுழற்றும் அதே மழைதான் அங்கே மண்ணுள் இறங்கி மலையை நெகிழச் செய்கிறது. 1990களின் தொடக்கத்தில் வட்டவளையில் நிலம் நகர்ந்து புகையிரதப் பாதையையும் தன்னோடு இழுத்தது. மதில் கட்டி மறிக்கும் பேச்சு எளிது. அங்கே பயன் தந்ததோ நிலத்தடியில் துளையிட்டு நீரை வடித்த வேலை. நீர் போனபின் மலை ஓய்ந்தது. இவ்வேலை போக்குவரத்தா, நீரியலா, காலநிலையா? எந்த நிரலில் இதனை எழுதுவது?

தலவாக்கலையில் இன்னும் வேடிக்கை. 150 மெகாவாட் திறனுடைய மேல்கொத்மலைத் திட்டம் 2012இல் அங்கே தொடங்கிற்று. சென் கிளயர் நீர்வீழ்ச்சியின் நீரைச் சுரங்க வழியே திருப்பிய அத்திட்டத்துக்கு மலையகத் தலைவர்களும் சூழலியலாளரும் பல ஆண்டுகள் எதிர்ப்புத் தெரிவித்தனர் என்பது பலருக்கு நினைவிருக்கும். இன்று அந்த நீர்த்தேக்கத்தை அணைந்தவாறு புகையிரதம் போகிறது. போவது மின்சாரத்தில் அன்று. கப்பலில் வந்த டீசலில். கொழும்புத் திட்டத்தின்கீழ் 1954இல் கனடா டீசல் இயந்திரங்களை வழங்கியபோது அது முன்னேற்றந்தான். கரியும் புகையும் ஒழிந்தன. ஆனால் நம் நாட்டில் ஓரிடத்தேனும் புகையிரதப் பாதை மின்மயமாகவில்லை. 2022இல் டொலர் தீர்ந்து எரிபொருள் கப்பல் வராதபோது, மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு வந்ததையும், அதே நாட்களில் வீதியெங்கும் எரிபொருள் வரிசை நின்றதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். இருளும் வரிசையும் ஒரே நோயின் இரு குறிகள். மருத்துவர்களோ வெவ்வேறு அமைச்சுக்களில் இருந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதத்தாலும் அடுத்த பெப்ரவரியில் 66 வீதத்தாலும் உயர்ந்தது. இதற்கு மந்திரியை மட்டும் ஏசுவதும் முறையன்று. கட்டணத்துக்கு ஒப்புதல் தருவது 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்க, பரீட்சைக்கு வரும்.

2030க்குள் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவோம், 2050க்குள் காபன் சமநிலை எய்துவோம் என்று நம் அரசாங்கம் 2021இல் உலகுக்கு வாக்களித்தது. நல்ல வாக்கு. எனினும் உலகப் புகையில் நம் பங்கு மிகச் சிறிது. வாக்கை நிறைவேற்றினாலும் மழை நம்மைக் கேட்டு வராது. ஆகவே மலைநாட்டவனுக்குக் காலநிலைக் கொள்கை என்பது புகையைக் குறைப்பது பற்றிய பேச்சோடு முடிவதில்லை. அவன் படுத்துறங்கும் லயத்துக்கு மேலே உள்ள சரிவு நாளை நிற்குமா என்பதே அவனுக்குக் கேள்வி. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கேட்டவர்கள் எங்கே போவது? நிலம் அவர்களுடையதன்று, வீடும் அவர்களுடையதன்று. பதினொரு ஆண்டுகளின்பின் ‘டித்வா’ வந்தபோது நாடு முழுவதிலும் அறுநூறு உயிர்களுக்கு மேல் பறிபோயின. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பெரும் பங்கைச் சுமந்தன. மலைநாட்டுப் புகையிரதப் பாதை பல இடங்களில் அறுந்தது.

மறுநாள் அம்மாணவனுக்கு நான் சொன்ன விடை இது. ஹட்டனிலிருந்து வரும் பெருந்தெரு நெடுஞ்சாலை மந்திரிக்குரியது. அதிலிருந்து பிரிந்து உன் லயத்துக்கு ஏறும் பாதை தோட்டக் கம்பனியினுடையது. தோட்டத்துக்குள் பணம் செலவிடப் பிரதேச சபைக்கு முன்னர் சட்டத்தடை இருந்தது; 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு அத்தடை நீங்கிற்று. அவ்வாண்டே மஸ்கெலியாவுக்கெனத் தனிச் சபையும் இயங்கத் தொடங்கிற்று. எனவே இனி அவர்கள் ‘அது எங்கள் வேலையன்று’ எனக் கைவிரிக்க முடியாது. மின்கம்பி மின்சக்தி மந்திரிக்கு. மலையின் வெடிப்பைப் பார்க்கத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகள் வரவேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் அவசரமானது. இவர்கள் அனைவருடைய பிரதிநிதிகளும் ஒன்றாய் அமரும் இடம் ஒன்று உண்டு: கச்சேரியில் நடக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம். மந்திரிசபை பாராளுமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று அரசியலமைப்பு கூறினாலும், ஒரு மந்திரிக்கு எழுதியது எல்லா மந்திரிகளுக்கும் எழுதியதாகிவிடாது என்றும் சொன்னேன்.

“அப்ப ஒண்ணு எழுதினாப் போதாதா சேர்?” என்றான்.

போதாது, ஆறு பிரதி எழுது என்றேன். பின்வாங்கில் இருந்த இன்னொருவன், “திருக்குறள்ல மழைக்கு ரெண்டாவது அதிகாரம் குடுத்துட்டு, அமைச்சுக்கு அறுபத்து நாலாவது அதிகாரம் குடுத்திருக்காரே சேர்!” என்று மெல்லச் சொன்னான். தமிழாசிரியர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

மனுவைப் பிள்ளைகளே எழுதினார்கள். வெடிப்பின் நீளத்தைக் கயிற்றால் அளந்து, மண்மேட்டின் கீழ் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்பதை வீடு வீடாக எண்ணிச் சேர்த்தார்கள். நான் எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினேன். ஆறு பிரதிகளும் மஸ்கெலியாத் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலாகச் சேர்க்கப்பட்டன. பற்றுச்சீட்டுக்கள் ஆறும் அம்மாணவனின் குறிப்பேட்டில் ஒட்டப்பட்டிருக்கின்றன. பதில் எந்த மேசையிலிருந்து முதலில் வருகிறது என்பதை இப்பகுதியில் அறியத்தருவேன்.