மயிலுக்குப் போர்வை மட்டும் போதாது

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன், கார்மேகங் கண்டு அகவிய மயிலைக் குளிரால் நடுங்குகின்றதென்று எண்ணித் தன் போர்வையை ஈந்த வரலாற்றை அறியாத தமிழர் இலர். பள்ளிச் சிறுவரும் அதனை ஒப்புவிப்பர். அக்கொடையைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆயினும், அவ்வரலாற்றைக் கேட்டுக் களிக்கும் நாம் கேளாது விட்ட கேள்வியொன்று உண்டு. மறுநாட் காலையில் அம்மயிலின் கதி யாது? அதற்கு இரையிட்டவர் எவர்? காலில் முள் தைத்திருந்தால் அதனைக் களைந்தவர் எவர்? வள்ளலின் புகழ் ஒரு நாட் செயலால் நிலைபெற்றது. உயிரைக் காப்பதோ ஒரு நாட் செயலன்று.

இக்கேள்வியை மயிலம் என்னும் ஊரை முன்னிட்டுக் கேட்க விரும்புகிறோம். திண்டிவனத்துக்குத் தெற்கே உள்ள அவ்வூரின் பெயரே மயிலாற் பெற்ற பெயர். சூரபன்மன் மயிலுருக் கொண்டு தவங்கிடந்து மலையானான் என்பது தலபுராணம். அம்மலைமீது முருகப்பெருமான் கோயில் கொண்டிருக்கிறார். அருகிலுள்ள திண்டிவனத்தின் பெயரிலோ புளியவனம் ஒன்று அடங்கியிருக்கிறது. பெயர்களில் வனமும் மயிலும் நிலைத்துவிட்டன. உண்மையில் அவை எந்த நிலையில் இருக்கின்றன என்பதை நாம் கவனிப்பதில்லை.

வடநாட்டில் பனிக்காலமென்றால் எலும்பை உருக்கும் குளிர். நமது பக்கத்தில் அதற்கு முன்னே மழையும் புயலும் வருகின்றன. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய தானே புயலை இந்த ஜில்லாக்காரர் மறந்திரார். 2024 நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரிக்கருகில் கரையேறிய ஃபெஞ்சல் புயலின்போது, ஒரே பகலிரவில் மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீடிழந்த மக்களின் துயரமே அன்று நமது முதற்கவலையாயிருந்தது, அது நியாயமே. ஆனால் மரத்தில் அடைந்திருந்த பறவைகளுக்கும், வளையில் ஒடுங்கியிருந்த சிறு பிராணிகளுக்கும் அவ்விரவு எவ்வாறிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க அதிக கற்பனை வேண்டுவதில்லை.

மழை ஓய்ந்தபின் மற்றொரு துன்பம் தொடங்குகிறது. மார்கழிப் பட்டத்து மணிலா விதைப்பும், சம்பா நெல் முற்றும் காலமும் இப்பருவத்திலேயே வருகின்றன. விதைத்த பருப்பை மயில் கிளறித் தின்கிறது. கதிரை மிதித்துச் சாய்க்கிறது. கடன் வாங்கி விதைத்த குடியானவனுக்கு அது முருகன் வாகனமாகத் தோன்றாது; வயிற்றிலடிக்கும் பகையாகவே தோன்றும். பெரும்பாலோர் தகரத்தைத் தட்டி விரட்டுவதோடு நிற்கின்றனர். சிலர் தானியத்தில் விஷம் கலக்கின்றனர். இவையன்றி, மின்கம்பியில் அடிபடுவதும், வேலியிற் சிக்குவதும், நாய்களால் கடிபடுவதும் உண்டு. இதே பருவத்திலேதான் தூரதேசத்துப் பறவைகளும் மரக்காணம், வானூர் தாலுகாக்களிலுள்ள கழுவெளிச் சதுப்பு நிலத்துக்கு வந்திறங்குகின்றன. 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்நிலத்தைச் சர்க்கார் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. விருந்தினர் வரும் வீட்டில் நோயுற்றவர்க்கு ஒரு கட்டிலும் மருந்தும் வைத்திருப்பது இல்லறத்தார் வழக்கம். ஜில்லாவுக்கும் அவ்வழக்கம் வேண்டாமா?

அடிபட்ட பிராணியைக் காக்கும் நிலையமொன்றில் ஒரு நாள் எவ்வாறு கழிகிறது என்பதை நமது வாசகர்கள் அறிந்துகொள்ளல் நலம். பத்திரிகைகளில் படத்துடன் வெளிவருவது மீட்கும் காட்சி மட்டுமே. அதன்பின் நடப்பது படத்துக்கு உதவாத வேலை. விடியுமுன் ஒருவர் எழுந்து கூண்டு கூண்டாகச் செல்ல வேண்டும். இரவு வைத்த இரையில் எவ்வளவு மிஞ்சிற்று, எச்சம் எந்நிறத்திலிருக்கிறது, மூச்சு எப்படி ஓடுகிறது என்று பார்த்து எழுதி வைக்க வேண்டும். எடை குறைந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. நனைந்த வைக்கோலை அகற்றி உலர்ந்ததைப் பரப்ப வேண்டும். அடிபட்ட பறவை உடற்சூட்டை விரைவில் இழந்துவிடுமாதலால், பனி இரவில் சூடு தரும் விளக்கு அணையாதிருக்கிறதா என்று நடுநிசியிலும் ஒருவர் பார்க்க வேண்டும். விஷமுண்ட பறவைக்கு மருந்து நாழிகைக் கணக்கில் வேண்டும். நாட்கணக்கில் வந்தால் பயனில்லை. முறிந்த சிறகைக் கட்டினால் எலும்பு கூட ஏறக்குறைய 3 வாரம் ஆகும். அதற்குப் பின்னும் பறக்கப் பழக்க வேண்டும்.

இவற்றினும் கடினமானது, அன்பை அடக்கிக்கொள்வது. காட்டுப் பிராணிக்கு மனிதனின் தடவலும் கொஞ்சலும் அச்சத்தையே விளைவிக்கும். துரத்திப் பிடித்த அதிர்ச்சியாலேயே பிராணிகள் உயிர்விடுவதுண்டு. ஆகவே இருட்டும் அமைதியுமே அவற்றுக்கு முதல் மருந்து. குஞ்சாகக் கிடைத்ததைக் கையிலேந்தி வளர்த்து மனிதனிடம் அச்சமறச் செய்துவிட்டால், பின்னர் அது காட்டுக்கும் உதவாது, வீட்டுக்கும் உதவாது. பிராணி தன்னை மறந்து பறந்தோடும் நாளே, அதனை வளர்த்தவருக்கு வெற்றி நாள். இத்தகைய பற்றற்ற பணியைச் சொற்பச் சம்பளத்தில் செய்யும் ஊழியர்களை நாட்டின் உண்மைத் தொண்டர்களென்றே நாம் மதிக்கிறோம்.

நமது மாகாணத்தில் இத்தகைய பணிக்குப் பெயர்பெற்ற இடம் வண்டலூர். 1855-இல் சென்னையில் தொடங்கிய மிருகக்காட்சி சாலை, வண்டலூர்க் காட்டுக்கு மாற்றப்பெற்று 1985-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டக்கூடாதென்று மத்திய சர்க்கார் 1998-இல் விதித்த தடையை 2001-இல் சுப்ரீம் கோர்ட்டு உறுதிசெய்தது. அதன் பின்னர், சர்க்கஸ் கூண்டுகளிலிருந்து வந்த சிங்கங்களுக்கும் புலிகளுக்கும் அடைக்கலந் தந்த இடங்களுள் வண்டலூரும் ஒன்று. ஆனால் 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வார்தா புயலில் அங்கேயே ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மேலும், மயிலத்திலிருந்து வண்டலூர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். விஷமுண்ட மயிலொன்று அத்தனை தூரப் பயணத்தைத் தாங்குமென்று எதிர்பார்ப்பது பகற்கனவே.

இவ்விஷயத்தில் ஆக்ராவினின்று நாம் கற்கவேண்டிய பாடமொன்று உண்டு. குட்டிக் கரடியைத் தாயிடமிருந்து பிரித்து, மூக்கைத் துளைத்துக் கயிறு பூட்டி, பல்லை உடைத்துத் தெருவில் ஆட்டுவித்தல் கலந்தர் என்னும் வகுப்பாரின் பரம்பரைத் தொழில். அவ்விதம் ஆடிய கரடிகளுக்கென 1999-இல் ஆக்ராவுக்கருகில் கீதம் ஏரிக்கரையில் ஒரு நிலையம் ஏற்பட்டது. அங்கே மார்கழி, தை மாதங்களில் குளிர் கடுமை. வைக்கோற் படுக்கையும், வெல்லமும் தேனும் சேர்த்த சுடுகஞ்சியும் கொடுத்துக் கரடிகளைப் பேணுகின்றனர். பல்லிழந்தவையும் கண்ணிழந்தவையுமான அவை காட்டுக்குத் திரும்ப இயலாதாகையால், உயிருள்ளவரை அக்கஞ்சி அவற்றுக்கு வேண்டும்.

ஆனால் நாம் குறிப்பிட விரும்பும் பாடம் கஞ்சியன்று. வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இலேயே வந்துவிட்டது. அவ்வாறிருந்தும் கடைசிக் கரடியின் மூக்குக்கயிறு அவிழ்ந்தது 2009-இல். 37 ஆண்டுகள் சட்டம் சாதியாததை எது சாதித்தது? அந்நிலையத்தை நடத்தும் ஸ்தாபனத்தார் கரடியைக் கேட்டபோது, கரடியை விட்டவன் எதனால் பிழைப்பான் என்பதையும் சேர்த்தே யோசித்தனர். கலந்தர்களுக்கு வேறு தொழில் தொடங்க உதவியும், பிள்ளைகளுக்குக் கல்வியும் கிடைக்கச் செய்தனர். பிராணியை மீட்க விரும்புவோர் மனிதனையும் மீட்க வேண்டுமென்பதே அப்பாடம். மயிலம் பக்கத்து மணிலாக் கொல்லைக்கும் அது அப்படியே பொருந்தும்.

இனிச் சட்டத்தைச் சற்றே பார்ப்போம். மயில் 1963 முதல் நமது தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்ந்தது. அச்சட்டத்தின் 39-ஆவது பிரிவின்படி, இறந்து கிடக்கும் வனப்பிராணியும், கூண்டில் வைக்கப்பெற்ற வனப்பிராணியும், முறைகேடாக வேட்டையாடப்பட்டதும் மாகாண சர்க்காரின் சொத்து. அதனைக் கைவசம் பெற்றவர் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். ஏற்பாடு நல்லதே, திருடரைத் தடுக்க அது அவசியமுமாகும். ஆனால் நடைமுறையில் யாது நிகழ்கிறது? விஷமுண்டு துடிக்கும் மயிலைக் காணும் ஏழை, "தூக்கினால் வழக்கு வருமோ" என்றஞ்சி ஒதுங்கிச் செல்கிறான். மயில் இறந்த பின்னர் அதிகாரிகள் வருகின்றனர். பிரேத பரிசோதனை முறைப்படி நடக்கிறது. செத்த மயிலுக்கு உடையவர் உடனே கிடைக்கிறார். சாகின்ற மயிலுக்குத்தான் உடையவர் இல்லை!

கால்நடைகளின் அத்துமீறல் பற்றி 1871-இல் வெள்ளையர் சர்க்கார் இயற்றிய சட்டத்தை நாட்டுப்புறத்தார் நன்கறிவர். பிறன் பயிரை மேய்ந்த மாடு பவுண்டில் அடைபடும். உடையவன் அபராதமும் தீனிச்செலவும் கட்டியே மாட்டை மீட்பான். மாட்டுக்கு உடையவன் குடியானவனாயிருக்கும்போது இது நீதி. மயிலுக்கு உடையவர் சர்க்காராயிருக்கும்போது மட்டும் நீதி வேறாகுமோ? உடைமையைக் கோருபவர் அதனால் விளையும் நஷ்டத்தையும், அதற்காகும் தீனியையும் சேர்த்தே ஏற்க வேண்டுமென்பது நீதியின் அரிச்சுவடி.

ஆகவே நாம் கோருவன மூன்று. முதலாவது, திண்டிவனம், மயிலம் வட்டாரத்தில் இரவும் பகலும் ஆளிருக்கும் முதலுதவி நிலையமொன்று. இதற்கு மாளிகை வேண்டா. கால்நடை வைத்தியசாலையொன்றில் தனி அறை, சூடு தரும் விளக்கு, காற்றோட்டமுள்ள சில பெட்டிகள், விஷமுறிவு மருந்து, வனப்பிராணிச் சிகிச்சையிற் பயிற்சி பெற்ற ஒரு டாக்டர், இரு ஊழியர் இருந்தாற் போதும். 1903 முதல் கால்நடை வைத்தியம் போதிக்கும் கல்லூரியைச் சென்னையில் உடைய மாகாணத்துக்கு இது பெரிய காரியமன்று. இரண்டாவது, அடிபட்ட பிராணியைக் கொண்டுவந்து ஒப்படைப்பவரைச் சாட்சியாகவும் குற்றவாளியாகவும் அலைக்கழியாமல், நன்றி கூறி அனுப்பும் வழக்கம். மூன்றாவது, பயிர்ச்சேதத்துக்கு உரிய ஈடு அடுத்த விதைப்புக்கு முன்னரே ரயத்தின் கையை அடைதல். தாமதித்து வரும் ஈடு விஷக் கலயத்தைத் தடுக்காது.

"மனிதருக்கே ஆஸ்பத்திரியில் படுக்கை போதாதபோது மயிலுக்கொரு படுக்கையா?" என்று கேட்பாரும் உண்டு. அக்கேள்வியை நாம் அலட்சியஞ் செய்யவில்லை. ஆனால் ஏழைக்கு மறுக்கப்பட்ட படுக்கையை மயில் பறித்துக்கொண்டதாக எந்தக் கணக்கிலும் நாம் கண்டதில்லை. மேலும், நாம் கோரும் ஏற்பாட்டில் முதற்பயன் அடைபவன் குடியானவனே. வாயில்லா ஜீவன்களிடம் கருணை காட்டுவது ஒவ்வொரு பிரஜையின் கடமையென்று 1976-இல் நமது அரசியல் சட்டத்தில் எழுதிக்கொண்டோம். கடமை பிரஜைக்கும், சொத்து சர்க்காருக்கும், நஷ்டம் ரயத்துக்கும் என்று பங்கிடுவது நீதியாகாது.

மயிலமும் வடலூரும் பழைய தென் ஆர்க்காடு ஜில்லாவின் இரு ஊர்கள். வடலூரில் இராமலிங்க அடிகள் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. பசித்தவனுக்கு ஒரு நாள் விருந்திட்டுப் புகழ் பெறுவதினும், நாள்தோறும் கஞ்சி வார்ப்பதே ஜீவகாருண்யம் என்பதை அவ்வடுப்பு சொல்லாமற் சொல்கிறது. பேகனின் போர்வையைப் பாடிப் பெருமைகொண்ட தமிழ்நாடு, வடலூர் அடுப்பின் முறையையும் மயிலுக்கு வழங்கட்டும். அடுத்த மார்கழி வருமுன், மயிலத்துப் பனியில் அணையா விளக்கொன்று எரியும் அறையைக் காண விரும்புகிறோம். சட்டசபையில் இவ்வட்டாரத்துக்காகப் பேசுவோர் இதனைச் செவிமடுப்பாராக.